காப்பிக் குடுவையைப் பார்த்த காமிரா



கணிப்பொறியில் நிரல் எழுதக் கற்றுக்கொண்டவுடன் சொந்தமாக ஏதேனும் செய்து பார்க்க வேண்டும் என்ற ஆசை எழுகிறது. ஆனால் "என்ன செய்வது? பெரிதாக ஒன்றும் தோன்றவில்லையே!" என்று பலர் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். அப்படி நிற்பவர்களுக்காகவே இந்தக் கட்டுரை. ஒரு காப்பிக் குடுவையைக் கண்காணிப்பதற்காகச் செய்யப்பட்ட சிறிய கருவி ஒன்றைப் பற்றி இதில் காண்போம். அதை ஒட்டிச் சில எளிய கணக்குகளையும் போட்டுப் பார்ப்போம். காகிதமும் பென்சிலும் பக்கத்தில் இருக்கட்டும்.

வெறுங் குடுவையும் மாடிப்படியும்

ஆண்டு 1991. இடம், இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் பல்கலைக் கழகத்தின் கணிப்பொறி ஆய்வகம். அங்கே டிரோஜன் அறை என்று ஓர் அறை இருந்தது. ஆராய்ச்சியாளர்கள் கூட்டாகப் பயன்படுத்திய காப்பி இயந்திரம் அந்த அறையின் அருகே இருந்தது. அறைக்குப் பக்கத்தில் இருந்தவர்களுக்குக் கவலை இல்லை. புதுக் காப்பியின் மணம் வந்ததும் எழுந்து போய் ஊற்றிக்கொள்வார்கள். கட்டடத்தின் வேறு மாடிகளில் வேலை செய்தவர்களோ படியேறி இறங்கி வந்து பார்த்தால், பெரும்பாலும் குடுவை காலியாக இருக்கும்!

க்வென்டின் ஸ்டாஃபோர்ட்-ஃப்ரேசர், பால் ஜார்டெட்ஸ்கி என்ற இருவர் இதற்கு ஒரு வழி கண்டார்கள். குடுவையை நோக்கி ஒரு காமிராவைப் பொருத்தி, அதை ஆக்கர்ன் ஆர்க்கிமிடீஸ் என்ற கணிப்பொறியுடன் இணைத்தார்கள். ஜார்டெட்ஸ்கி எழுதிய நிரல் குடுவையைப் படம் பிடித்து, கேட்பவருக்கு அனுப்பும். இப்படித் தரும் நிரலைச் 'சர்வர்' என்கிறோம். ஸ்டாஃபோர்ட்-ஃப்ரேசர் எழுதிய நிரல் மற்றவர்களின் மேசைக் கணிப்பொறிகளில் ஓடியது. அது படத்தைக் கேட்டு வாங்கித் திரையின் ஒரு மூலையில் காட்டும். ஆய்வகத்துக்குள் இருந்த வலையமைப்பு இரண்டையும் இணைத்தது. எழுந்து போகலாமா, வேண்டாமா என்பதை நாற்காலியில் இருந்தபடியே முடிவு செய்ய முடிந்தது.

படம் கறுப்பு வெள்ளைதான். அகலத்தில் 128 புள்ளிகள், உயரத்தில் 128 புள்ளிகள். புதுப் படம் நிமிடத்துக்குச் சுமார் மூன்று முறை மட்டுமே வந்தது. "இவ்வளவுதானா?" என்று உங்களுக்குத் தோன்றலாம். இவ்வளவு போதும் என்பதே இங்கே நாம் கற்கவேண்டிய பாடம்.

எத்தனை புள்ளிகள் தேவை?

128-ஐ 128-ஆல் பெருக்குங்கள். 16,384 புள்ளிகள் கிடைக்கும். ஒரு புள்ளியின் வெளிச்ச அளவைக் குறிக்க ஒரு பைட் எடுத்துக்கொள்வோம். ஒரு பைட்டில் 8 பிட்டுகள். அவற்றைக் கொண்டு கறுப்பிலிருந்து வெள்ளை வரை 256 படிகளைக் குறிக்கலாம். எனவே சுருக்காமல் அனுப்பினால் ஒரு படத்துக்கு 16,384 பைட்டுகள், அதாவது 1,31,072 பிட்டுகள்.

இன்றைய கைப்பேசியில் எடுக்கும் படம் ஒன்றை இதனுடன் ஒப்பிடுவோம். அகலம் 4,000, உயரம் 3,000 என்றால் 1 கோடியே 20 லட்சம் புள்ளிகள். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் ஒவ்வொரு பைட் வேண்டும். மொத்தம் 3 கோடியே 60 லட்சம் பைட்டுகள்.

தொலைபேசிக் கம்பி வழியே நொடிக்கு 14,400 பிட்டுகள் அனுப்பும் மோடம் ஒன்று நம்மிடம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். காப்பிக் குடுவையின் படம் சுமார் 9 நொடியில் வந்துவிடும். கைப்பேசிப் படம் சுருக்கப்படாமல் வந்தால் 20,000 நொடிகள் ஆகும். ஐந்தரை மணி நேரத்துக்கும் மேல்! அதற்குள் எத்தனை குடுவைக் காப்பி தீர்ந்திருக்குமோ?

பெரிய படத்தில் குடுவையின் பிடியில் உள்ள கீறல்கூடத் தெரியும். ஆனால் அங்கே எழுந்த கேள்வி "காப்பி இருக்கிறதா?" என்பது ஒன்றுதான். அதற்குக் கறுப்பான காப்பி எந்த மட்டத்தில் நிற்கிறது என்று தெரிந்தால் போதும். 128 புள்ளி உயரத்தில் அது நன்றாகவே தெரியும்.

எத்தனை முறை பார்க்க வேண்டும்?

மாறிக்கொண்டே இருக்கும் ஒன்றை விட்டு விட்டு அளப்பதை 'மாதிரி எடுத்தல்' என்கிறோம். திரைப்படத்தில் நொடிக்கு 24 படங்கள். அதில் ஓடும் வண்டியின் சக்கரம் சில நேரம் பின்னோக்கிச் சுழல்வது போலத் தோன்றுவதைக் கவனித்திருப்பீர்கள். காரணம் என்ன? ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையில் ஒவ்வோர் ஆரக்காலும் முன்னால் உள்ள ஆரக்காலின் இடத்துக்குச் சற்றுக் குறைவான தூரமே நகர்ந்தால், நம் கண் அதைப் பின்வாங்கியதாக எடுத்துக்கொள்கிறது. வேகமாக மாறும் பொருளைப் போதிய அளவு அடிக்கடி பார்க்காவிட்டால், விவரம் குறைவதோடு பொய்யான செய்தியும் கிடைத்துவிடும்!

இதற்கு ஒரு விதி உண்டு. ஒரு நொடியில் எத்தனை முறை அதிர்கிறதோ, அதன் இரு மடங்குக்கு மேல் மாதிரிகள் எடுக்க வேண்டும். நம் காது கேட்கும் ஒலி நொடிக்குச் சுமார் 20,000 அதிர்வுகள் வரை. ஆகவேதான் சி.டி. எனப்படும் ஒலித்தட்டில் நொடிக்கு 44,100 மாதிரிகள் பதிவாகின்றன.

காப்பிக் குடுவை அதிர்வதில்லை. அது நிரம்பச் சில நிமிடங்கள் ஆகும். ஒருவர் கோப்பையில் ஊற்றிக்கொள்ளும் நேரம் இரண்டு படங்களுக்கு நடுவில் வந்தாலும் கவலையில்லை. குறைந்த மட்டம் குறைந்தபடியே நிற்கும். அடுத்த படத்தில் தெரிந்துவிடும்.

ஆனால் நாம் திரையில் காணும் படம் 20 நொடி வரை பழையதாக இருக்கலாம் அல்லவா? இருக்கலாம். படியிறங்கிப் போக 2 நிமிடம் ஆகும் என்று வைத்துக்கொண்டால், அந்த 120 நொடியில் வேறொருவர் கடைசிக் கோப்பையை ஊற்றிக்கொள்ளும் வாய்ப்பு, 20 நொடியில் உள்ள வாய்ப்பைவிட மிக அதிகம். நொடிக்கு 25 படங்கள் அனுப்பினாலும் மாடிப்படியின் நீளம் குறையாது! சோதனைச் சாலையில் நீங்கள் கற்கும் பாடமும் இதுவே. பல பிழைகள் சேரும் இடத்தில் மிகப் பெரிய பிழை எது என்று முதலில் பாருங்கள். அதை விட்டுவிட்டுச் சிறியதைத் திருத்துவதால் பலன் சொற்பமே.

குடுவை உலகப் புகழ் பெற்றது

ஜெனீவா அருகே உள்ள செர்ன் ஆய்வு நிலையத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ 1989-இல் முன்வைத்த யோசனையிலிருந்து உலகளாவிய வலை பிறந்தது. 1993 ஏப்ரல் 30 அன்று செர்ன் அதன் நிரல்களை எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்று அறிவித்தது. வலைப்பக்கங்களில் படங்களைக் காட்டவும் அந்தக் காலத்தில்தான் வழி பிறந்தது. 1993 நவம்பரில் டேனியல் கார்டன், மார்ட்டின் ஜான்சன் என்ற இருவர் காப்பிக் குடுவையின் படத்தை வலையில் இணைத்தார்கள். இணைய வசதி உள்ள எவரும் எந்த நாட்டிலிருந்தும் அந்தக் குடுவையைப் பார்க்க முடிந்தது. உலகின் முதல் வலைக் காமிரா என்ற பெயர் அதற்கு வந்தது.

ஆய்வகம் வேறு கட்டடத்துக்கு மாறியபோது, 2001 ஆகஸ்ட் 22 அன்று காமிரா நிறுத்தப்பட்டது. குடுவையோடு கூடிய அந்தக் காப்பி இயந்திரம் இணைய ஏலத்தில் 3,350 பவுனுக்கு விலைபோனது.

இன்றைய கணக்கு

அந்தப் பழைய கணக்கு இன்றைக்கும் நமக்கு வேண்டும். ஒரு மாணவி தன் பள்ளிக்காக ஒரு வலைப்பக்கம் செய்கிறாள். தேர்வு அட்டவணைக்கு மேலே பள்ளிக் கட்டடத்தின் படத்தைக் கைப்பேசியில் எடுத்தபடியே வைக்கிறாள். சுருக்கிய பிறகும் அது 40 லட்சம் பைட்டுகள், அதாவது 3 கோடியே 20 லட்சம் பிட்டுகள் என்று கொள்வோம். நொடிக்கு 20 லட்சம் பிட்டுகள் மட்டுமே கிடைக்கும் ஓர் ஊரில் அந்தப் படம் வந்து சேர 16 நொடிகள் ஆகும். அட்டவணையைப் பார்க்க வந்த மாணவன் காத்திருக்க வேண்டும். அவனுடைய அன்றைய டேட்டாவிலும் ஒரு பங்கு போய்விடும்.

கைப்பேசித் திரையில் காட்ட அகலத்தில் 1,000 புள்ளிகள் போதும். அகலமும் உயரமும் நாலில் ஒரு பங்கானால், புள்ளிகள் பதினாறில் ஒரு பங்கு. பைட்டுகளும் ஏறத்தாழ அதே விகிதத்தில் குறைந்தால், 16 நொடி 1 நொடியாகிவிடும். பார்ப்பவர் கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. அவள் செய்ய வேண்டியது ஒரு பெருக்கல், ஒரு வகுத்தல். வேகமான இணைப்பில் உட்கார்ந்து பக்கத்தைச் செய்பவருக்கு இந்தத் தொல்லை கண்ணில் படாது. கணக்குப் போட்டால்தான் தெரியும்.

ஆகவே நண்பர்களே, நீங்களும் ஒரு சிறு தேவையிலிருந்து தொடங்குங்கள். அது எந்தக் கேள்விக்கு விடை தரவேண்டும் என்பதை ஒரே வரியில் எழுதுங்கள். பிறகு எத்தனை புள்ளி, எத்தனை முறை, எத்தனை பைட் என்று கணக்கிட்டுவிட்டு நிரலுக்குப் போங்கள்.

போட்டுப் பாருங்கள்

பள்ளியின் மேல்நிலைத் தொட்டி 2 மீட்டர் உயரம். மோட்டார் அதை 40 நிமிடத்தில் ஒரே சீராக நிரப்புகிறது. அளவுகோல் ஒன்றை உள்ளே பொருத்தி, காமிரா வழியாக நீர்மட்டத்தைப் பார்க்கிறீர்கள்.

1. நீர்மட்டம் நிமிடத்துக்கு எத்தனை சென்டிமீட்டர் உயர்கிறது?

2. 30 நொடிக்கு ஒரு படம் எடுத்தால், இரண்டு படங்களுக்கு இடையில் மட்டம் எவ்வளவு உயர்ந்திருக்கும்?

3. மோட்டாரை நிறுத்த நீங்கள் நடந்து போக 2 நிமிடம் ஆகும். தொட்டி வழியாமல் இருக்க, விளிம்புக்கு எத்தனை சென்டிமீட்டர் கீழே மட்டம் இருக்கும்போதே புறப்பட வேண்டும்? படம் 30 நொடி பழையதாக இருக்கலாம் என்பதை மறக்க வேண்டாம்.

விடைகள்: 1. 5 செ.மீ. 2. 2.5 செ.மீ. 3. 12.5 செ.மீ.

மூன்றாவது விடையில் 10 செ.மீ. நடைக்கும் 2.5 செ.மீ. காமிராவுக்கும் உரியவை. தொட்டி வழிவதைத் தடுக்க இன்னும் விலை கூடிய காமிரா வாங்குவது நல்லதா, மோட்டாரின் சுவிட்சைப் பக்கத்தில் வைப்பது நல்லதா? நீங்களே சொல்லுங்கள்!