பேட்ஜ் வேறு, சான்று வேறு

துபாயில் 2023-ல் நடந்த காப் 28 காலநிலை மாநாட்டுக்கு 80,000 பேருக்கு மேல் வந்திருந்தார்கள். எல்லார் கழுத்திலும் பேட்ஜ். ஆனால் நாட்டின் பெயரால் பேசும் உரிமை யாருக்கு என்பதை அந்த அட்டை சொல்லாது. அதற்கு வேறொரு காகிதம் இருக்கிறது: அதிகாரச் சான்று. அதைச் சரிபார்க்கும் மேசையில் முதல்முறை உட்காரப்போகிறவருக்கு இந்தக் குறிப்புகள்.

பேட்ஜ் எப்படி வருகிறது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். ஐ.நா. காலநிலைச் செயலகத்தோடு தொடர்பில் இருக்கும் அந்தந்த நாட்டு அதிகாரி, இணையப் பதிவில் பெயர்களை ஏற்றுகிறார். அதில் அமைச்சர் இருப்பார், ஆலோசகர் இருப்பார், தனியார் நிறுவனத்து ஆட்களும் இருப்பார்கள். வருகிறவர் எங்கே வேலை பார்க்கிறார், அவரை அனுப்பியவர்களுக்கும் அவருக்கும் என்ன தொடர்பு என்று 2023 முதல் கேட்கிறார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனாலும் அது வருகைப் பதிவேடு, அவ்வளவே.

மேசைமேல் எப்போதும் இருக்கவேண்டியவை நடைமுறை விதிகள் 19, 20, 21. இதில் ஒரு வேடிக்கை உண்டு. 1995 பெர்லின் மாநாடு தொட்டு இன்றுவரை இந்த விதிகள் முறையாக ஏற்கப்பட்டதே இல்லை. வாக்கெடுப்பைப் பற்றிய 42-ஆம் விதியில் நாடுகள் ஒத்துப்போகவில்லை. அதை மட்டும் ஒதுக்கிவைத்துவிட்டு, மீதி வரைவை அப்படியே பின்பற்றுகிறார்கள். வாக்கெடுப்பு இல்லாததால் முடிவுகள் கருத்தொற்றுமையில்தான் பிறக்கின்றன. ஒரு நாடு கையைத் தூக்கி மறுத்தாலே சிக்கல். அந்தக் கை யாருடையது என்பதால்தான் நம் காகிதத்துக்கு இத்தனை மதிப்பு.

வேலையைப் பட்டியலில் தொடங்குங்கள். நாடுகளின் பெயரை வரிசையாக எழுதி, பக்கத்தில் மூன்று பத்திகள் போடுங்கள்: 1992 காலநிலை உடன்படிக்கை, கியோட்டோ நெறிமுறை, பாரிஸ் ஒப்பந்தம். ஒரே கூரையின் கீழ் நடப்பது உண்மையில் மூன்று கூட்டங்கள். முதல் பத்தியில் ஐரோப்பிய ஒன்றியத்தையும் சேர்த்து 198 தரப்புகள் வரும். மற்ற இரண்டில் அப்படியல்ல. அமெரிக்கா கியோட்டோவில் கையெழுத்திட்டதோடு சரி, உறுதிப்படுத்தவில்லை. கனடா 2012 டிசம்பரில் அதைவிட்டு விலகியது. ஈரான் பாரிஸ் ஒப்பந்தத்தை இன்னும் உறுதிப்படுத்தவில்லை. அமெரிக்காவோ 2020 நவம்பரில் பாரிஸைவிட்டுப் போய், 2021 பிப்ரவரியில் திரும்பி வந்து, 2026 ஜனவரியில் மறுபடியும் போய்விட்டது. ஆகவே போன ஆண்டுப் பட்டியலை நகலெடுக்கவே கூடாது. ஒரு கூட்டத்தில் உறுப்பினராக இருக்கும் நாடு, அடுத்த கூட்டத்தில் பார்வையாளராக உட்காரும். கடிதம் எந்தெந்தக் கூட்டத்துக்கு அதிகாரம் தருகிறது என்பதை இந்தப் பத்திகளோடு ஒத்துப்பாருங்கள்.

கடிதத்தைப் பிரித்ததும் பெயர்களைப் படிக்காதீர்கள், கையெழுத்தைப் பாருங்கள். நாட்டுத் தலைவர், அரசுத் தலைவர், வெளியுறவு அமைச்சர் ஆகிய மூவரில் ஒருவர் கையெழுத்திட்டிருக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் போன்ற அமைப்பானால் அதன் உரிய அதிகாரி. சுற்றுச்சூழல் அமைச்சர் குழுவுக்குத் தலைமை தாங்கி வரலாம். தனக்குத்தானே சான்று எழுதிக்கொள்ள முடியாது. தூதர் கையெழுத்திட்ட கடிதமும் போதாது. பொறுப்பு அமைச்சர் கையெழுத்திட்டிருந்தால், அந்தத் தேதியில் அவர்தான் பொறுப்பில் இருந்தார் என்று தூதரகத்திடம் எழுத்தில் கேட்டு வாங்கிக் கோப்பில் வையுங்கள்.

அதன்பிறகு பெயர்கள், மாநாட்டின் எண், தேதி. ஊர்ப் பெயர் தவறியிருந்தால் உடனே திருப்பி அனுப்பிவிடாதீர்கள். காப் 25 சிலியின் சாண்டியாகோவில் நடக்கவேண்டியது. 2019 அக்டோபர் கடைசியில் சிலி கைவிரிக்க, டிசம்பரில் மாட்ரிடில் நடந்தது. அப்படிப்பட்ட ஆண்டில் முன்கூட்டியே கடிதம் எழுதிய ஒழுங்கான நாடுதான் மாட்டிக்கொள்ளும்!

மூலக் கடிதம் ஒரு கோப்பு. நகல், மின்னஞ்சல், தூதரகக் குறிப்பு எல்லாம் இன்னொரு கோப்பு. இரண்டையும் கலக்காதீர்கள். கூடுமானவரை மாநாடு தொடங்கி 24 மணி நேரத்துக்குள் சான்று செயலகத்துக்கு வந்துவிட வேண்டும் என்கிறது 19-ஆம் விதி. ‘கூடுமானவரை’ என்ற சொல்லைப் பலரும் தாராளமாகவே எடுத்துக்கொள்வார்கள். கோபப்பட வேண்டாம், தினமும் காலையில் ஒரு தொலைபேசி போதும். 21-ஆம் விதிப்படி, மாநாடு சான்றை ஏற்கும்வரை பிரதிநிதிகள் தற்காலிகமாகப் பங்கேற்கலாம். ஆகவே கடிதம் வரவில்லை என்று யாரையும் நாற்காலியிலிருந்து எழுப்பாதீர்கள். அது உங்கள் வேலையும் அல்ல.

ஒரே நாட்டின் பெயரில் இரண்டு கடிதங்கள் வந்தால்? இரண்டையும் வாங்கி, நாளும் நேரமும் குறித்து, சட்டப் பிரிவுக்கு அனுப்பிவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். எது உண்மையான அரசு என்று சொல்வது மேசையில் இருப்பவரின் வேலை அல்ல. ஒரு நாட்டின் பிரதிநிதித்துவத்தில் போட்டி எழுந்தால், ஐ.நா.வின் மற்ற அமைப்புகள் பொதுச்சபையின் நிலைப்பாட்டைக் கருத்தில் கொள்ளவேண்டும் என்று 1950-லேயே பொதுச்சபை தீர்மானம் போட்டிருக்கிறது. அந்தப் பொதுச்சபையின் ஒன்பது பேர் கொண்ட சான்றுக் குழுவே மியான்மார், ஆப்கானிஸ்தான் விஷயங்களில் 2021-ல் முடிவைத் தள்ளிப்போட்டது. 2024-ல் பாக்கு காலநிலை மாநாட்டுக்கு வந்த தாலிபான் அதிகாரிகளும் பார்வையாளர்களாகத்தான் இருந்தார்கள்.

கடைசி நாட்களில் உங்கள் பட்டியல் பியூரோவுக்குப் போகும். மாநாட்டுத் தலைவரையும் சேர்த்து 11 பேர் கொண்ட குழு அது. 20-ஆம் விதிப்படி சான்றுகளை ஆராய்ந்து மாநாட்டிடம் அறிக்கை வைப்பது அவர்கள் கடமை. மூலக் கடிதம் தந்தவை, நகல் மட்டும் தந்தவை, எதுவும் தராதவை என்று மூன்றாகப் பிரித்துக் கொடுங்கள். மூலக் கடிதத்தைச் சீக்கிரம் அனுப்பிவிட வேண்டும் என்ற நிபந்தனையோடு நகல் தந்தவர்களையும் ஏற்பதுதான் வழக்கம்.

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன். சான்று கையில் இருந்தால் மட்டும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டுவிட முடியாது. அதற்கு முழு அதிகாரப் பத்திரம் என்று தனியாக ஒன்று வேண்டும். 1969 வியன்னா உடன்படிக்கைப்படி மேலே சொன்ன அந்த மூன்று பதவியில் இருப்பவர்களுக்கு மட்டும் அது தேவையில்லை. ஒப்பந்தத்தை ஏற்பதும் அதில் கையெழுத்திடுவதும் ஒன்றல்ல: பாரிஸ் ஒப்பந்தம் 2015 டிசம்பர் 12 அன்று ஏற்கப்பட்டது. கையெழுத்து விழா 2016 ஏப்ரல் 22 அன்று நியூயார்க்கில் நடந்தது. யாராவது முழு அதிகாரப் பத்திரத்தை உங்கள் மேசையில் நீட்டினால், மரியாதையாக வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுங்கள். அதைக் காட்டவேண்டிய இடம் நியூயார்க்கில் இருக்கும் ஐ.நா. ஒப்பந்தப் பிரிவு.