எல்லாச் செடிக்கும் விடியல்தானா?

வேளாண்மை படிக்கும் பிள்ளைகள் கடைசி வருடத்தில் சின்னதாக ஒரு பாத்தியில் பூவோ மூலிகையோ போட்டு, விதைப்பு முதல் அறுவடை வரை குறிப்பேட்டில் எழுத வேண்டும். அறுவடை நேரம் என்ற கட்டத்துக்கு வந்தால் அநேகமாக எல்லோரும் ஒன்றையே எழுதுகிறார்கள்: அதிகாலை 4 மணி. ஏன் என்று கேட்டால் பாதிப் பேர் கைபேசியை நீட்டுகிறார்கள். அதில் நெற்றியில் விளக்கு கட்டிய ஒருவர் இருட்டில் பறித்துக்கொண்டிருப்பார், பின்னணியில் பாட்டு. மீதிப் பேர், “எங்க அப்பா அப்படித்தான் பறிக்கச் சொல்றார் சார்” என்கிறார்கள். அப்பா போட்டிருப்பது மல்லி. பிள்ளை போட்டிருப்பது துளசி.

உச்சி வெயிலில் கீரை பறிக்கக் கூடாது, மழை நாளில் காயவைக்கும் சரக்கை அறுக்கக் கூடாது என்பதெல்லாம் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. விடியலைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கிறது.

மல்லிக்கு விடியல் சரி. அன்று மாலை விரியவேண்டிய மொட்டு காலையில் முழுசாகப் பருத்து, வெளுத்து, மூடியே இருக்கும். வெயில் ஏறுமுன் எடுத்தால்தான் மாட்டுத்தாவணிப் பூச்சந்தைக்குப் போய், தொடுத்து, தலையில் வைக்கும் நேரத்தில் விரியும். பல்கேரியாவில் கசன்லாக் பக்கம் மே, ஜூன் மாதங்களில் எண்ணெய் ரோஜாவை விடியற்காலையில் பறிப்பதற்குக் காரணம் வேறு. பூ விரிந்து வெயில் பட்டால் வாசனை எண்ணெய் காற்றோடு போய்விடும். கன்னியாகுமரி ரப்பர் தோட்டத்தில் இருட்டோடு பட்டை சீவுவதற்குக் காரணம் இன்னொன்று. இரவில் மரத்துக்குள் நீரழுத்தம் கூடியிருக்கும், பால் நின்று வடியும். மூன்றும் ஒரே நேரம்தான். ஆனால் ஒன்றின் காரணத்தை மற்றொன்றின் மேல் ஏற்ற முடியாது.

காயவைத்து விற்கும் இலைக்கு இந்த மூன்று காரணங்களில் ஒன்றுமே பொருந்தாது. திருநெல்வேலி, தூத்துக்குடிச் சீமையில் விளையும் நிலாவரையை எடுத்துக்கொள்ளுங்கள். ஏற்றுமதிக்குப் போகும் சரக்கு அது. வியாபாரி முதலில் பார்ப்பது நிறத்தை. பனி ஈரத்தோடு அறுத்துச் சாக்கில் திணித்தால் சற்று நேரம் கழித்து உள்ளே கைவைத்துப் பாருங்கள், சூடேறியிருக்கும். பிறகு எவ்வளவு கவனமாக நிழலில் பரப்பினாலும் கறுத்த இலை பச்சைக்குத் திரும்பாது. அடியில் ஈரம் நின்றால் பூஞ்சணமும் வரும், அந்தச் சரக்கை யாரும் தொட மாட்டார்கள். நான்கு மணிக்கு எழுந்த பெருமைக்கு இதுதான் கூலி.

துளசியில் இது இன்னும் வெளிப்படை. எண்ணெய் எடுக்க அறுக்கிறோம் என்றால், அறுத்த தழையை நான்கைந்து மணி நேரம் வயலிலேயே வாடவிட்டுத்தான் வாலையில் ஏற்றுவது வழக்கம். ஈரத் தழையை அப்படியே ஏற்றினால் நீரைச் சூடாக்கவே விறகு போய்விடும், கொப்பரையிலும் குறைவான தழைதான் கொள்ளும். எப்படியும் வாடவைக்கப் போகிற தழையைப் பனியோடு அறுத்து என்ன லாபம்? மப்பும் மந்தாரமுமான நாளில் அறுத்தால் எண்ணெயும் குறையும். நல்ல வெயில் நாளாகப் பார்த்து, இலை காய்ந்தபின் அரிவாளை எடுத்தால் போதும். வாலைக்குப் பக்கத்திலேயே பல வருடம் நின்றவன் நான், அதனால் பத்து மணிக் கட்சிக்காரன். பத்து மணிக்கு அறுத்த துளசியின் மணமே தனி என்று என் மூக்கு சொல்லும். ஆய்வுக்கூடம் அதை ஒப்புக்கொள்ள வேண்டும் என்று நான் கேட்கவில்லை.

எலுமிச்சையிலும் விடியல் வினைதான். புளியங்குடிப் பக்கம் பழம் பறிக்கிறவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு இது தெரிந்திருக்கும். காலைக் குளிரில் தோல் நீர்கோத்து விறைப்பாக இருக்கும். விரல் கொஞ்சம் அழுத்தினாலே தோலில் உள்ள எண்ணெய்ப் பைகள் உடையும். கசிந்த எண்ணெய் தோலையே சுட்டுவிடும். அன்றைக்கு ஒன்றும் தெரியாது, மண்டியில் மூட்டையைப் பிரிக்கும்போது பழத்தில் விரல் அடையாளம் பழுப்பாகத் தெரியும். பனி காய்ந்து தோல் சற்றுத் தளர்ந்தபின் பறிப்பதே நல்லது.

மாலையை யாரும் கண்டுகொள்வதே இல்லை. பகல் முழுக்க வெயிலில் வேலை செய்த கீரையின் இலையில் சர்க்கரை சேர்ந்திருக்கும், நைட்ரேட் குறைந்திருக்கும், வாடாமலும் கூடுதல் நேரம் தாங்கும். ஆனால் சந்தை விடியலில் கூடுகிறது, வண்டியும் அந்த நேரத்துக்குத்தான் வருகிறது. சோற்றுக்கற்றாழையிலும் மாலையைக் கவனிக்க வேண்டும்: அது இரவில் புளிப்பைச் சேர்த்துப் பகலில் செலவழிக்கிற செடி. சாற்றுக்கு என்றால் காலை மடலும் மாலை மடலும் ருசியில் ஒன்றல்ல.

ஆக, செடியிலிருந்து எதை விற்கப் போகிறீர்கள் என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். விரியாத மொட்டா, காய்ந்த இலையா, எண்ணெயா, பச்சைக் கட்டா? அதற்குப் பிறகு உங்களையும் கேட்டுக்கொள்ளுங்கள். மல்லிக்கு இருட்டில் ஓடும் விரல் வேண்டும், தூக்கத்தை விடும் உடம்பு வேண்டும். அது எல்லோருக்கும் வாய்க்காது, வாய்க்காததில் குறைவும் இல்லை. மூலிகைக்கு வேண்டியது காத்திருக்கும் குணம். இன்று மேகம் போட்டிருக்கிறது, நாளைக்குப் பார்க்கலாம் என்று அரிவாளைத் திரும்ப மாட்டிவைக்கத் தெரிய வேண்டும். சுறுசுறுப்பான பிள்ளைகள்தான் இங்கே அவசரப்பட்டுச் சரக்கைக் கெடுக்கிறார்கள். அப்பாவின் சொல்லைத் தட்டச் சொல்லவில்லை. அவர் மல்லியை எத்தனை வருடம் பார்த்துக் கற்றாரோ, அந்தப் பொறுமையில் கொஞ்சம் உங்கள் செடிக்கும் கொடுங்கள்.

முதல் அறுவடைக்கு முன் ஒரு வாரம் வெறுங்கையோடு பாத்திக்குப் போங்கள். காலை ஆறு, எட்டு, பத்து, மாலை நான்கு மணி என்று நேரம் மாற்றி இலையைத் தொட்டு, கசக்கி, முகர்ந்து குறிப்பேட்டில் எழுதுங்கள். மேலிலை காய்ந்ததைப் பார்த்து ஏமாறாதீர்கள், புதருக்குள் கைவிட்டு அடியிலையின் பின்பக்கத்தைத் தடவுங்கள். மார்கழியில் அங்கே ஈரம் போக வெகுநேரமாகும், சித்திரையில் வெயில் வந்ததுமே காய்ந்துவிடும். அதனால் குறிப்பேட்டின் அந்தக் கட்டத்தில் மணியை எழுதாமல், ‘அடியிலை காய்ந்தபின்’ என்று எழுதினால் நான் மதிப்பெண் குறைக்க மாட்டேன்.