சீயக்காய்க்கு மாறுகிறீர்களா? முதலில் ஒரு மெல்லிய துணி வாங்குங்கள்

ஷாம்பூவை விட்டுச் சீயக்காய்க்கு வந்தவர்கள் பலரும் திரும்பி ஓடுவது, அழுக்குப் போகவில்லை என்பதற்காக அல்ல. தலை காய்ந்ததும் பொடி சீப்பில் உதிர்கிறதே என்ற எரிச்சலில்தான். அதனால் நான் பொடியைக் குழைத்துத் தேய்ப்பதில்லை. காயாகவே ஊறவைத்துச் சாறு எடுத்துவிடுகிறேன்.

தோள் வரை உள்ள முடிக்கு ஏழெட்டுச் சீயக்காய், நாலைந்து பூந்திக்கொட்டை, ஒரு ஸ்பூன் வெந்தயம் போதும். காயையும் கொட்டையையும் தட்டி, விதையை எடுத்துவிட்டு, எல்லாவற்றையும் ராத்திரியே இரண்டு டம்ளர் தண்ணீரில் ஊறப்போட வேண்டும். காலையில் அதே தண்ணீரோடு சிறு தீயில் பத்து நிமிடம் கொதிக்கட்டும். பக்கத்திலேயே நில்லுங்கள், நுரைத்துப் பொங்கினால் அடுப்பு முழுக்கப் பிசுக்காகிவிடும். ஆறியதும் பிசைந்து, பழைய வேட்டித் துணியில் இறுக்கிப் பிழிந்தால், டீ டிகாஷன் நிறத்தில் வழவழவென்று சாறு இறங்கும். ஒரு துகள்கூட இருக்காது.

சீயக்காயிலும் பூந்திக்கொட்டையிலும் உள்ள சப்போனின்தான் எண்ணெயைப் பிரித்தெடுக்கிறது. எங்கள் வீட்டில் போர் தண்ணீர். உப்புத் தண்ணீரில் சோப்புப் போட்டுக் குளித்தால், அதிலுள்ள கால்சியத்தோடு சேர்ந்து முடியில் பிசுக்காகப் படியும். சப்போனின் அப்படிப் படிவதில்லை. ஆனால் ஷாம்பூ அளவு நுரையை எதிர்பார்க்காதீர்கள். நுரை குறைவாக இருந்தாலும் அழுக்குப் போகும்.

எண்ணெய் தேய்த்த அன்று இரண்டு தடவை சாறு ஊற்றித் தேய்க்க வேண்டியிருக்கும். உச்சந்தலையில் நிறைய எண்ணெய் வைத்துவிட்டுச் சீயக்காயைக் குறை சொல்வதில் நியாயமில்லை. தேய்க்கும்போது கண்ணை இறுக்க மூடிக்கொள்ளுங்கள். பூந்திக்கொட்டைச் சாறு பட்டால் எரிச்சல் தாங்காது. குழந்தைகளுக்கு அதை விட்டுவிட்டு, அரப்பு மட்டும் போடலாம். உசிலை மரத்து இலையைக் காயவைத்து அரைத்ததுதான் அரப்பு. அதைச் சாதம் வடித்த கஞ்சியில் கரைத்து வடிகட்டினால் முடி சிக்காகாது. செம்பருத்தி இலையைக் கசக்கி எடுத்த கொழகொழப்பும் சிக்கெடுக்க நல்லது.

பொடிதான் வசதி என்றால், ஒரு கிலோ சீயக்காய்க்குக் கால் கிலோ பச்சைப்பயறு, நூறு கிராம் வெந்தயம், ஒரு கைப்பிடி பூலாங்கிழங்கு சேர்த்து மில்லில் அரைக்கலாம். காய் ஒடித்தால் டக்கென்று ஒடியும் வரை வெயிலில் காய வேண்டும். ஈரம் இருந்தால் டப்பாவில் பூஞ்சை பிடிக்கும். அரைத்ததை மாவுச் சல்லடையில் இரண்டு முறை சலியுங்கள். சாறோ அன்றன்றைக்குத்தான், மிஞ்சினால் ஃபிரிட்ஜில் இரண்டு நாள் தாங்கும்.

சமையல் சோடாவால் தலை அலசச் சொல்லும் வீடியோக்களை நம்ப வேண்டாம். அதன் காரம் முடியை வறட்டிவிடும். முதல் தடவை எதைப் போட்டாலும் காதுக்குப் பின்னால் தடவிப் பாருங்கள். விடாத அரிப்பு, செதில் இருந்தால் சமையலறையில் மருந்து தேடாமல் தோல் டாக்டரைப் பாருங்கள்.

வேலைக்கு ஓடும் நாளில் மென்மையான ஷாம்பூ போடுவதில் குற்றமில்லை. ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் சீயக்காய் என்று தொடங்குங்கள். அந்த அளவில் வைத்துக்கொண்டால்தான் பழக்கம் நிலைக்கும்.