கைப்பிடியின் சொரசொரப்பு: திரையில் எவ்வளவு, பட்டறையில் எவ்வளவு?

லேத்தில் வேலை பழகுகிறவர் கைப்பிடியில் நர்லிங் எனும் சொரசொரப்பு வரிகள் போடச் சீக்கிரமே கற்றுக்கொண்டுவிடுகிறார். அதே நர்லிங்கைக் கணினியில் வரைய உட்காரும் மாணவர்தான் ராத்திரி முழுக்க மல்லுக்கட்டுகிறார். 'கேட்' மென்பொருள் படிக்கிறவர்கள் ஒருமுறையாவது முட்டிக்கொள்ளும் இடம் இந்தக் கைப்பிடிச் சொரசொரப்பு. முட்டலுக்குப் பாதிக் காரணம் மென்பொருள். மீதிக்குக் காரணம், இதைச் சுற்றி உலவும் சில நம்பிக்கைகள்.

பேச்சு அந்தரத்தில் நிற்காமலிருக்க ஒரு பொருளை எடுத்துக்கொள்வோம். பெரிய டேப் ரெஞ்ச் ஒன்றின் எஃகுக் கைப்பிடி. விட்டம் 20 மி.மீ., நீளம் 100 மி.மீ. அதன் மேல் 1 மி.மீ. பிட்ச்சில், அதாவது வரிக்கு வரி அந்த இடைவெளியில், வைரக்கட்ட நர்லிங். வரிகள் இடமும் வலமுமாக 30 பாகை சாய்ந்து ஒன்றையொன்று வெட்டிக்கொள்கின்றன.

நம்பிக்கை: ஒவ்வொரு வைரக்கட்டத்தையும் வரைந்தால்தான் மாடல் முழுமை பெறும்.

வரைந்துதான் பார்ப்போமே. உருளை ஒன்று, அதன் மேல் ஒரு ஹெலிக்ஸ், அந்த வழியே 'வி' வடிவத்தில் ஒரு வெட்டு. அந்த வெட்டைச் சுற்றிலும் நகலெடுக்க வேண்டும். சுற்றளவு 62.8 மி.மீ.; வரிகள் சாய்ந்திருப்பதால் சுற்றுவாக்கில் ஒவ்வொன்றுக்கும் 1.155 மி.மீ. இடம் வேண்டும். வகுத்தால் 54.4 வருகிறது. 54 என்று வைத்துக்கொண்டு, எதிர்ச்சாய்வில் இன்னொரு 54. முடிவில் ஏறக்குறைய 5,400 வைரக்கட்டங்கள் நிற்கும். கட்டத்துக்கு நான்கு முகம் என்றால் 21,000-க்கு மேல்.

சாலிட்வொர்க்ஸ், சீமென்ஸ் என்எக்ஸ், ஆன்ஷேப் மூன்றும் உள்ளே பாராசாலிட் என்ற ஒரே வடிவியல் இயந்திரத்தில் ஓடுபவை. ஃப்ரீகேட் ஓடுவது ஓப்பன் கேஸ்கேட் என்ற இயந்திரத்தில். இவை பொருளை முகங்களாகவும் விளிம்புகளாகவும் நினைவில் வைக்கின்றன. ஒவ்வொரு முகத்துக்கும் தனிச் சமன்பாடு, ஒவ்வொரு விளிம்புக்கும் அது எந்த இரண்டு முகங்களுக்கு நடுவில் இருக்கிறது என்ற கணக்கு. எதிரெதிர்ச் சுருள்வரிகள் வெட்டிக்கொள்ளும் இடத்தையெல்லாம் மென்பொருள் கணக்கிட்டே தீர வேண்டும். பிறகு நீங்கள் கைப்பிடியின் நீளத்தை 5 மி.மீ. கூட்டினால் போதும், முதலிலிருந்து ஆரம்பிக்கும். கணினியின் மின்விசிறி இரைவது அதனால்தான்.

இதே வடிவத்தை வெறும் முக்கோண வலையாகச் சேமித்தால் கதையே வேறு. பைனரி எஸ்டிஎல் கோப்பில் ஒரு முக்கோணத்துக்கு 50 பைட். முகத்துக்கு ஒரு முக்கோணம் என்று தோராயமாக வைத்தாலும் மொத்தம் ஒரு மெகாபைட்டைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். கணினியைத் திணறடிப்பது கட்டங்களின் எண்ணிக்கை என்பதைவிட, அவற்றை மென்பொருள் நினைவில் வைத்துக்கொள்ளும் விதம் என்பதே சரி.

இவ்வளவு பாடுபட்டு வரைந்ததை லேத் ஓட்டுபவர் என்ன செய்வார்? ஒன்றும் செய்யமாட்டார். அவருக்கு வேண்டியது டிராயிங்கில் ஒரே ஒரு வரி: 'டிஐஎன் 82 – ஆர்ஜிஇ 1'. ஜெர்மன் தரக் குறியீட்டில் இதற்குப் பொருள், இடவலச் சாய்வுள்ள வைரக்கட்டம், முனைகள் மேலெழுந்தவை, பிட்ச் 1 மி.மீ. மாடலில் வெறும் உருளையை விட்டு, நர்லிங் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று ஒரு கோடு போட்டுக் காட்டினால் வேலை முடிந்தது.

அதைவிடப் பெரிய சங்கடம் ஒன்று உண்டு. கட்டம் கட்டமாக வெட்டி வரைந்த மாடல், நடப்பதற்கு நேர்மாறானதைச் சொல்கிறது. சாதாரண நர்லிங் வீல் உலோகத்தை வெட்டி எடுப்பதில்லை, அழுத்திப் பிதுக்குகிறது. பள்ளத்திலிருந்து ஒதுங்கிய உலோகம் மேட்டில் ஏறுவதால் விட்டம் கூடுகிறது. அதே தரக் குறியீட்டின்படி, இந்த வகை வைரக்கட்டத்துக்கு முதலில் கடைய வேண்டிய விட்டம் என்பது முடிவு விட்டத்திலிருந்து பிட்ச்சில் 0.67 பங்கைக் கழித்தது. நம் கைப்பிடி 20 மி.மீ.க்கு வர வேண்டுமென்றால் 19.33-இல் நிறுத்த வேண்டும். மென்மையான உலோகம், கடினமான உலோகம் என்று இது சற்று மாறும்; நல்ல டர்னர் ஒரு துண்டில் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் ஜாபில் கை வைப்பார். வெட்டியே எடுக்கும் வீல்களும் இருக்கின்றன, அவற்றில் விட்டம் அவ்வளவாக ஏறாது. எந்த வகை என்று டிராயிங்கில் சொல்லிவிடுவது உத்தமம். அந்த 54.4-ஐ 54 ஆக்குவதா 55 ஆக்குவதா என்ற கவலையும் நமக்கு வேண்டாம். வீலின் பற்களும் கடைந்த விட்டமும் சேர்ந்து அதைத் தீர்மானித்துக்கொள்ளும்.

நம்பிக்கை: திரையில் சொரசொரப்பாகத் தெரிந்தால் பொருளிலும் அப்படியே வரும்.

பாதிப் பேரின் ஏமாற்றம் இங்கேதான். மாடல் மேல் 'நர்ல்டு ஸ்டீல்' தோற்றத்தை இழுத்துப் போட்டால் கைப்பிடி பளபளவென்று மேடுபள்ளமாகக் காட்சி தரும். அதைப் பிரிண்டருக்கு அனுப்பினால் மொழுமொழுவென்று ஒரு குச்சி வந்து விழும். கணினி வரைகலை ஆய்வாளர் ஜேம்ஸ் பிளின் 1978-இல் வெளியிட்ட உத்தி இது. பரப்பைத் தொடாமல், அதன் மேல் ஒளி எந்தத் திசையில் பட்டுத் திரும்புகிறது என்ற கணக்கை மட்டும் கலைத்துவிட்டால் கண்ணுக்குச் சுருக்கமும் மேடும் தெரியும். கண்டுபிடிப்பது எளிது: பொருளின் ஓரக்கோட்டைப் பாருங்கள். நடுவில் மேடுபள்ளமும் ஓரத்தில் நேர்கோடுமாக இருந்தால் அது வெறும் வண்ணம். குறுக்கே வெட்டிப் பார்க்கும் காட்சியிலும் குட்டு உடைந்துவிடும்.

விலைப்பட்டியல் படத்துக்கு இந்த வண்ணமே போதும். அதற்காக 5,400 கட்டங்களை வரைவது வீண். படத்தை நிஜ மேடுபள்ளமாக மாற்றும் வசதிகளும் வந்துவிட்டன. சாலிட்வொர்க்ஸில் 2019 பதிப்பிலிருந்து அது இருக்கிறது. ஆனால் கிடைப்பது முக்கோண வலைதான். அதன் பிறகு விளிம்பை மழுக்குவது, ஓட்டை போடுவது எல்லாம் முன்போல் எளிதாக இருக்காது. ஆகவே அதைக் கடைசி வேலையாக வைத்துக்கொள்ள வேண்டும்.

நம்பிக்கை: எவ்வளவு சொரசொரப்போ அவ்வளவு பிடிமானம்.

இதுதான் ஆழமாக வேரோடியிருப்பது, இதைப் பிடுங்குவதுதான் கஷ்டம். கை என்பது மரமோ இரும்போ அல்ல; தோல், ரப்பரைப் போல நடந்துகொள்கிறது. எவ்வளவு பரப்பு உண்மையில் ஒட்டித் தொடுகிறதோ அதைப் பொறுத்தே உராய்வு அமைகிறது. வரிகளை ஆழமாக வெட்டினால் தோல் மேடுகளின் தலையை மட்டும் தொடும், தொடும் பரப்பு குறையும். மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் பீட்டர் வார்மனும் ரோலண்ட் என்னாஸும் 2009-இல் விரல்ரேகையையே இப்படிச் சோதித்தார்கள். வழவழப்பான அக்ரிலிக் மேல் ரேகைகளின் பள்ளங்களால் தொடுபரப்பு மூன்றில் ஒரு பங்கு குறைகிறது என்று கண்டார்கள். ரேகை பிடிமானத்துக்காகவே படைக்கப்பட்டது என்று பள்ளிக்கூடத்தில் படித்தவர்களுக்கு இது கொஞ்சம் கசப்பான செய்தி.

கைப்பிடிப் பரப்பை முன்வைத்தே சோதித்த ஆய்வும் உண்டு. 1993-இல் 'அப்ளைட் எர்கோனாமிக்ஸ்' இதழில் போப்ஜெரும் வேறு இருவரும் எழுதியது. சுத்தமான கைக்கு, வரியில்லாத பரப்பே அதிக உராய்வு தந்தது. கையில் எண்ணெயும் பன்றிக்கொழுப்பும் பூசியதும் நிலைமை தலைகீழானது. வரிபோட்ட பரப்புகள் முன்னுக்கு வந்தன. கசாப்புக் கத்திக்கு அதுதானே நிஜமான பரீட்சை. பந்தயக் காருக்கு உலர்ந்த தடத்தில் வரியில்லாத டயரும் மழையில் வரிபோட்ட டயரும் மாட்டுவது இதே நியாயத்தில்தான்: பள்ளத்தின் வேலை, நடுவில் சிக்கிய திரவத்துக்கு ஒதுங்க இடம் கொடுப்பது. கரடுமுரடு கூடக் கூடக் கைக்கு உறுத்தலும் கூடியது என்பதையும் அந்த ஆய்வு குறித்தது.

எனவே மென்பொருளைத் திறப்பதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி: இந்தக் கருவியை எந்தக் கை பிடிக்கப்போகிறது? உலர்ந்த கையா, கிரீஸ் படிந்த கையா, கையுறை போட்ட கையா?

வரிகளின் திசையும் முக்கியம், அதை யாரும் கண்டுகொள்வதில்லை. முறுக்கும் கருவிக்கு நீளவாக்கு வரிகள் வேண்டும்; ஸ்குரூடிரைவர் கைப்பிடியும் தண்ணீர் பாட்டில் மூடியும் அப்படித்தான். இழுக்கவோ தள்ளவோ செய்யும் கருவிக்குச் சுற்றுவாக்கு வளையங்கள் உதவும். வைரக்கட்டம் இரண்டுக்கும் ஓரளவு ஈடுகொடுக்கும், எதிலும் முதல் மதிப்பெண் வாங்காது. அழகாக இருக்கிறது என்பதற்காகவே பல இடங்களில் அது உட்கார்ந்திருக்கிறது என்பது என் சந்தேகம்.

சொரசொரப்பே இல்லாமல் பிடிமானம் தந்த கைப்பிடிக்கு ஆக்ஸோ குட் கிரிப்ஸ் நல்ல உதாரணம். மூட்டுவலியுள்ள மனைவி காய் சீவச் சிரமப்பட்டதைப் பார்த்த சாம் ஃபார்பர், நியூயார்க்கின் ஸ்மார்ட் டிசைன் நிறுவனத்தோடு சேர்ந்து 1990-இல் கொண்டுவந்த சமையலறைக் கருவிகள் அவை. தடித்த பிடி, சான்டோபிரீன் என்ற ரப்பர் போன்ற பிளாஸ்டிக், கட்டைவிரலும் சுட்டுவிரலும் அமரும் இடத்தில் மெல்லிய செதில்கள். அழுத்தினால் செதில்கள் வளைந்து விரலோடு படிகின்றன. தொடுபரப்பைக் கூட்டுவதுதான் அங்கே நடக்கும் வேலை.

நம்பிக்கை: விரலுக்கு விரல் பள்ளம் வெட்டினால் அதுவே எர்கோனாமிக் கைப்பிடி.

வரைந்தவரின் கைக்கு, ஆம். மற்றவர் விரல் மேட்டின் மேல் ஏறி உட்காரும். அமெரிக்காவின் தொழில்சார் உடல்நல நிறுவனமான நியாஷ் 2004-இல் வெளியிட்ட கைக்கருவி வழிகாட்டி, கூர்விளிம்பும் விரல்பள்ளமும் இல்லாத கைப்பிடியையே தேர்ந்தெடுக்கச் சொல்கிறது. அதே வழிகாட்டி, பலம் போட்டுப் பிடிக்கும் கருவிக்கு ஒன்றேகால் முதல் இரண்டு அங்குல விட்டத்தைப் பரிந்துரைக்கிறது. அதாவது 32 முதல் 51 மி.மீ. வரை. விட்டம் தவறிப்போன கைப்பிடியை எந்த நர்லிங்கும் காப்பாற்றாது.

நம்பிக்கை: மாடலில் வரைய முடிந்தால் மோல்டிலும் எடுத்துவிடலாம்.

நம் கைப்பிடியைப் பிளாஸ்டிக்கில் வார்ப்பதாக வைத்துக்கொள்வோம். மோல்டு நீளவாக்கில் இரண்டு பாதியாகப் பிளந்து, ஒன்று மேலேயும் ஒன்று கீழேயும் விலகும். உருளையைச் சுற்றி நீளவாக்கு 'வி' வரிகளை, 90 பாகைக் கோணத்தில் வரைகிறோம். உச்சியில் இருக்கும் வரி தடையில்லாமல் விடுபடும். உச்சியிலிருந்து 45 பாகை இறங்கியதும் வரியின் ஒரு சுவர் மோல்டு விலகும் திசைக்கு இணையாகிவிடும். அதற்கும் கீழே போனால் சுவர் கொக்கியாக மாறி மோல்டைப் பிடித்துக்கொள்ளும். இரண்டு பாதியிலும் இப்படியே என்பதால், சுற்றளவில் சரிபாதி மாட்டிக்கொள்கிறது. மென்பொருள் இதைப் பற்றி மூச்சுவிடாது; டிராஃப்ட் எனும் சுவர்ச்சாய்வுப் பரிசோதனையை நாமாக ஓட்டினால்தான் சிவப்பு காட்டும்.

வழி இருக்கிறது. வரிகளை உருளையைச் சுற்றி ஒட்டாமல், மோல்டு விலகும் திசையிலேயே வெட்டலாம். பிளவுக்கோட்டை எட்டுவதற்கு முன்பே வரிகளை நிறுத்திவிடலாம். கடையில் ஒரு ஸ்குரூடிரைவரை எடுத்துப் பாருங்கள், வரிகள் பட்டை பட்டையாகத் தனித்தனித் தீவுகளாக இருப்பதற்கு அழகு மட்டும் காரணமாக இருக்காது. ரப்பர் போன்ற மென்பிளாஸ்டிக் என்றால் சிறு கொக்கிகளை நெகிழ்ந்து கழற்றிக்கொள்ளும், அங்கே கொஞ்சம் தாராளமாக இருக்கலாம். பாட்டில் மூடிக்கு இந்தத் தலைவலியே இல்லை. அது வரிகளின் திசையிலேயே மோல்டை விட்டு வெளியேறுகிறது.

நுண்ணிய மணல் போன்ற சொரசொரப்பு வேண்டுமென்றால் மாடலில் ஒரு புள்ளிகூட வைக்கக் கூடாது. எந்த முகத்துக்கு என்று வண்ணம் பூசிக் காட்டி, 'விடிஐ 3400 – 30' என்ற தரக் குறியீட்டை எழுதினால் போதும். சராசரி கரடு ஏறக்குறைய 3.2 மைக்ரான் என்று மோல்டுக்காரர் புரிந்துகொள்வார். பக்கச்சுவரின் சாய்வை மட்டும் மறக்கக் கூடாது. சொரசொரப்பின் ஆழம் ஒவ்வொரு 0.025 மி.மீ.க்கும் ஒன்று முதல் ஒன்றரை பாகை வரை கூடுதல் சாய்வு என்பது இத்தொழிலின் வழக்கமான கணக்கு. மறந்தால் பொருள் வெளியே வரும்போது சுவரெல்லாம் கீறலாக இருக்கும்.

நம்பிக்கை: முப்பரிமாணப் பிரிண்டருக்கு எவ்வளவு நுண்ணிய எஸ்டிஎல் கொடுக்கிறோமோ அவ்வளவு நல்லது.

0.4 மி.மீ. முனையும் 0.2 மி.மீ. அடுக்கும் கொண்ட இயந்திரத்துக்கு மைக்ரான் துல்லியத்தில் கோப்பு கொடுத்து ஆவதென்ன? கோப்பு வீங்கும், வைரக்கட்டத்தின் முனை அப்போதும் மழுங்கித்தான் வரும். பிட்ச்சை 2 மி.மீ.க்கு மேல் ஏற்றுவது அதைவிடப் பலன் தரும். கைப்பிடியை எந்த வாக்கில் வைத்துப் பிரிண்ட் செய்கிறோம் என்பதும் கோப்பின் நுணுக்கத்தைவிட முக்கியம். நிறுத்தி வைத்தால் நம் வைரக்கட்டத்தின் சுவர் செங்குத்திலிருந்து 27 பாகைக்கு மேல் சாயாது, முட்டு எதுவும் வேண்டியதில்லை. படுக்க வைத்தால் அரை மி.மீ. ஆழத்துக்கு இரண்டு மூன்று அடுக்குதான் கிடைக்கும். மேல்பக்கம் படிக்கட்டாகும், அடிப்பக்கம் முட்டுகளைப் பிய்த்தெடுத்த தழும்போடு வரும். சொரசொரப்பு மட்டும் போதும், கட்டம் கட்டமாக வேண்டாம் என்றால் கியூரா, புரூசாஸ்லைசர் ஆகிய பிரிண்ட் மென்பொருள்களில் 'ஃபஸி ஸ்கின்' என்று ஒரு வசதி இருக்கிறது. முனையை வெளிச்சுவரில் லேசாக நடுங்கவிட்டு அதுவே மேற்பரப்பைக் கரடாக்கிவிடும். மாடலில் மொழுமொழு உருளையை வைத்தே அனுப்பலாம்.