வயசான கல்லீரலுக்கு எவ்வளவு சோறு?

அவர் சித்தூர் வெல்ல மண்டியில் கணக்கு எழுதுகிறவர். வயது 66. நல்ல தொப்பை. திருப்பதி ஆஸ்பத்திரியில் அவருக்கு வயிற்றை ஸ்கேன் எடுத்தார்கள்.

“கல்லீரலில் கொழுப்பு சேர்ந்திருக்கிறது. சாப்பாட்டைக் குறையுங்கள். தினமும் நடங்கள்” என்றார் டாக்டர்.

வீட்டுக்கு வந்தவர் மனைவியிடம் சொன்னார்: “வயசானா குறைச்சுத்தான் சாப்பிடணுமாம். கல்லீரலுக்கு நல்லதாம். நீயும் குறைச்சுக்கோ.”

அந்த அம்மாவுக்கு வயது 62. எடை 38 கிலோ. எல்லோரும் சாப்பிட்ட பிறகு மிச்சம் இருப்பதைச் சாப்பிடுகிறவர். மிச்சம் என்றால் பெரும்பாலும் களியும் ரசமும்தான். சனிக்கிழமை பெருமாளுக்கு விரதம் வேறு. இதில் எதைக் குறைப்பது? ஆனாலும் குறைத்தார். ராத்திரிச் சாப்பாட்டை விட்டார். இரண்டு மாதத்தில் தண்ணீர்க் குடத்தைத் தூக்க முடியவில்லை.

டாக்டர் சொன்னது சரிதான். ஆனால் அது அவருக்குச் சொன்னது. அந்த அம்மாவுக்குச் சொன்னது அல்ல.

கல்லீரல் வயிற்றின் வலது பக்கம், விலா எலும்புக்கு அடியில் இருக்கிறது. எடை சுமார் ஒன்றரை கிலோ. அதை ஒரு மண்டி என்று நினைத்துக்கொள்ளுங்கள். நாம் சாப்பிட்டது செரித்து, அதில் பெரும்பகுதி முதலில் இங்கேதான் வந்து இறங்கும். உடனே வேண்டியதைக் கல்லீரல் உடம்புக்கு அனுப்பும். மீதியைச் சேர்த்து வைக்கும். மருந்து, சாராயம் இவற்றை முறித்து வெளியேற்றுவதும் இதன் வேலை.

வயதானால் இந்த மண்டி சுருங்குகிறது. இதற்கு வரும் ரத்தமும் குறைகிறது. வேலை மெதுவாக நடக்கிறது. ஆனால் நாம் அனுப்பும் சரக்கு குறைவதில்லை. இளவயதில் சாப்பிட்ட அதே அளவு சோறு, அதே எண்ணெய்ப் பலகாரம். உழைப்பு மட்டும் குறைந்துவிடுகிறது. செலவாகாத சரக்கு கொழுப்பாக மாறிக் கல்லீரலில் தங்குகிறது. நாளாக ஆக, சிலருக்குக் கல்லீரல் புண்பட்டுத் தழும்பாகி இறுகிப்போகும். குடிக்காதவருக்கும் இது வரும்.

உணவில் உள்ள சக்தியைக் கலோரி என்று அளக்கிறார்கள். கலோரியைக் குறைத்தால் என்ன ஆகும்? 1935-ல் அமெரிக்காவில் மெக்கே என்ற விஞ்ஞானி எலிகளை வைத்துப் பார்த்தார். குறைவாகத் தின்ற எலிகள் அதிக நாள் வாழ்ந்தன. ஆனால் அவற்றுக்கு வைட்டமினையும் தாது உப்புகளையும் அவர் குறைக்கவில்லை. இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

நம் நாட்டில் ஷில்லாங்கில் உள்ள வடகிழக்கு மலைப் பல்கலைக்கழகத்தில் சுண்டெலிகளை ஆராய்ந்தார்கள். 2008-ல் முடிவு வெளிவந்தது. வயதான பிறகு தீனியைக் குறைத்தாலும் பலன் இருந்தது. கல்லீரலில் மந்தமாகிப்போன சில வேலைகள் மறுபடி சுறுசுறுப்பாயின.

மனிதர்களிடம்? அமெரிக்காவில் இருநூறு பேருக்கு மேல் இரண்டு வருடம் பார்த்தார்கள். அவர்கள் குண்டானவர்கள் அல்ல. நூறில் 25 பங்கு குறைக்கச் சொன்னார்கள். சுமார் 12 பங்குதான் குறைக்க முடிந்தது. பசி யாரை விட்டது! ரத்த அழுத்தமும் கெட்ட கொழுப்பும் குறைந்தன. கூடவே எலும்பின் பலமும் கொஞ்சம் குறைந்தது. அந்த ஆராய்ச்சியில் 50 வயதைத் தாண்டியவர்கள் இல்லை.

ஒல்லியான வயசாளிக்கு எலும்பும் சதையும் ஏற்கெனவே கரைந்துகொண்டிருக்கும். அவர் பட்டினி கிடந்தால் இன்னும் கரையும். கல்லீரலுக்கும் நல்லதல்ல. கொழுப்பைக் கல்லீரல் வெளியே அனுப்ப வேண்டும் என்றால், புரதத்தில் மூட்டை கட்டித்தான் அனுப்பும். புரதம் இல்லையென்றால் சாக்கு இல்லாத மண்டிதான். சரக்கு உள்ளேயே தேங்கும். சத்துக் குறைந்து உடம்பு வீங்கிய குழந்தைகளின் கல்லீரலில் கொழுப்பு இருப்பது இதனால்தான்.

ஊருக்கு வந்த நர்சம்மா இருவரையும் உட்காரவைத்துப் பேசினார். “ஐயா, உங்க தட்டுல சோறு பாதி போதும். காய் ரெண்டு மடங்கு. சாயந்திரம் போண்டா வேணாம். அம்மா, நீங்க ஒரு வேளையும் விடக் கூடாது. தினம் ஒரு முட்டை, ஒரு பிடி வேர்க்கடலை, பருப்பு, மோர். நீங்களும் அவர்கூடவே உக்காந்து சாப்பிடுங்க.”

கடைசியாகச் சொன்னதுதான் அந்த வீட்டில் கஷ்டமாக இருந்தது. மருமகள் இரண்டு தட்டையும் ஒன்றாக வைக்க ஆரம்பித்தாள். ஆறு மாதத்தில் அவர் 82 கிலோவிலிருந்து 76-க்கு வந்தார். அம்மா 41 கிலோ ஆனார்.

சனிக்கிழமை விரதம் இருக்கலாமா? உடம்பில் தெம்பு இருப்பவர் இருக்கலாம். பகலெல்லாம் பட்டினி கிடந்து, ராத்திரி வடை, பாயசம், புளியோதரை என்று வெளுத்துக் கட்டினால் கல்லீரலுக்கு லாபம் இல்லை. சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ ஊசியோ போடுகிறவர், டாக்டரைக் கேட்காமல் வேளைச் சாப்பாட்டை விடக் கூடாது. சர்க்கரை திடீரென்று இறங்கி மயக்கம் வரும். உயிருக்கே ஆபத்து ஆகலாம்.

வயதானவர் உடம்பில் சில மாத்திரைகள் அதிக நேரம் தங்கும். அதனால் கடையில் கேட்டு வாங்கி விழுங்கக் கூடாது. கல்லீரலைச் சுத்தம் செய்யும் என்று விற்கிற பொடிகளும் வேண்டாம். கண் மஞ்சளானால், வயிறு வீங்கினால், ரத்த வாந்தி வந்தால், மலம் தார் போலக் கறுத்தால் காத்திருக்காதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். திருப்பதியில் ரூயா அரசு மருத்துவமனையும் ஸ்விம்ஸ் மருத்துவமனையும் இருக்கின்றன. சாப்பிடும் மருந்துகளை எல்லாம் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள்.