குமாஸ்தாவிடம் கடன் வாங்கிய வக்கீல்

2011-ல் தம்புச்செட்டித் தெருவில் ஒரு சீனியரிடம் ஜூனியராகச் சேர்ந்தேன். சம்பளம் பற்றி அவர் வாய் திறக்கவில்லை. கேட்டால் மரியாதையாக இருக்காது என்று நானும் கேட்கவில்லை. மூன்றாம் மாதக் கடைசியில் ஒரு கவர் வந்தது. 4,000 ரூபாய். அதில் பாதி, அறை வாடகைக்குக் கடன் கொடுத்திருந்த குமாஸ்தா அண்ணனுக்குப் போனது.

வக்கீலைவிடக் குமாஸ்தாவுக்கு அதிக வரும்படியா என்று எரிச்சல்தான். ஆனால், ஃபைலிங்கில் ரிட்டர்ன் ஆன கட்டை வைத்துக்கொண்டு நான் அரைமணி நேரம் முழித்தபோது, அவர் ஒரு புரட்டுப் புரட்டிவிட்டு, "தம்பி, வக்காலத்துல வெல்ஃபேர் ஸ்டாம்ப் ஒட்டலையே" என்றார். ஜூனியர்கள் இரண்டு வருடத்தில் கிளம்பிவிடுவோம். ஆபீஸ் அவர் தலையில்தான் ஓடியது. கட்சிக்காரர்கள் அவருக்குத் தனியாகக் கொடுத்ததில் நியாயம் இருந்தது.

2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம், ஜூனியர்களுக்குச் சென்னை, மதுரை, கோவையில் குறைந்தது 20,000, மற்ற ஊர்களில் 15,000 என்றது. எனக்குத் தெரிந்த சின்ன ஆபீஸ் சிலவற்றில் இன்றும் பேட்டாதான். அதனால் சேரும் நாளிலேயே கேளுங்கள்: எவ்வளவு, எந்தத் தேதி, ஜெராக்ஸும் ஆட்டோவும் யார் கணக்கு, சொந்த கேஸ் நடத்தலாமா. கடைசிக் கேள்விதான் முக்கியம். தொகை குறைவாக இருந்தாலும் சொந்தமாக நாலு கேஸ் இருந்தால் சமாளித்துவிடலாம். ஜெராக்ஸுக்கு ஒரு சின்ன நோட்டுப் போடுங்கள். நான் போடாமல் விட்ட காசு கொஞ்சமல்ல.

என்னோடு படித்தவள் ஒரு கார்ப்பரேட் சட்ட நிறுவனத்தில் சேர்ந்தாள். முதல் மாதமே என்னைவிடப் பல மடங்கு. ஆனால் கடிதத்தில் சம்பளம் என்ற சொல்லே கிடையாது, 'ரீடெய்னர்' என்றுதான் இருந்தது. பதிவு செய்த வக்கீல் முழுநேரச் சம்பளக்காரராக இருக்க பார் கவுன்சில் விதி இடம் தராது. ஆகவே பி.எஃப். இல்லை, மாதாமாதம் 10 சதவீதம் டி.டி.எஸ். பிடிப்பார்கள். ரிட்டர்ன் போட்டால் அதில் பெரும்பகுதி திரும்பி வரும் என்பதே தெரியாமல் இரண்டு வருடம் சும்மா இருந்துவிட்டாள். வருமான வரி வழக்குகள் பார்க்கிற நிறுவனம் வேறு!

இப்போது எனக்கும் ஒரு ஆபீஸ் இருக்கிறது. ஐந்தாம் தேதி முதல் கவர் குமாஸ்தாவுக்கு. போன மாதம் ஜூனியராகச் சேர வந்த பெண், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்ததும், "சார், ஸ்டைபண்ட் எவ்வளவு?" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. பக்கத்தில் கட்டுத் தைத்துக்கொண்டிருந்த குமாஸ்தா ஊசியை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

"இருபது" என்றேன்.