காவற் கடிகாரமும் முன்னெச்சரிக்கையும்

திண்டுக்கல்லினின்றும் பழனி வழியாகப் பாலக்காடு செல்லும் இருப்புப்பாதை ஆயக்குடிப் பக்கத்தார்க்கு நன்கு பழகியதொன்று. நம் நாட்டு ரயில் எஞ்சின்களில், ஓட்டுநர் விழிப்புடன் இருக்கின்றாரா என்று ஓயாது கவனிக்கும் கருவியொன்று அமைந்துள்ளது. அவர் வேகத்தை மாற்றினும், பிரேக்கை இயக்கினும், ஊதலை ஒலிப்பினும், அதற்கென உள்ள பொத்தானை அழுத்தினும், அவர் விழித்திருக்கின்றார் என்று அக்கருவி கொள்ளும். சுமார் 60 விநாடி வரை இவற்றுள் ஒன்றும் நிகழாவிடின், முதற்கண் ஒரு விளக்கு மின்னும். மேலும் சுமார் 8 விநாடி மறுமொழி இல்லையேல் எச்சரிக்கை ஒலி எழும். பின்னும் சுமார் 8 விநாடி கழியின், கருவி தானே பிரேக்கிட்டு வண்டியை நிறுத்தும். கடுமையான முடிவுக்கு முன் எச்சரிக்கை இருமுறை வருதல் கவனிக்கத்தக்கது.

கம்ப்யூட்டரிலும் இத்தகைய காவல் உண்டு. அதனை வாட்ச்டாக் டைமர் என்பர். நாம் காவற் கடிகாரம் என்போம். குறித்த காலத்தினின்றும் அது கீழ்நோக்கி எண்ணிக்கொண்டே வரும். யந்திரத்தை நடத்தும் ஆபரேட்டிங் சிஸ்டம் நலமாயுள்ளவரை, அவ்வெண்ணிக்கையை அடிக்கடி முதலிலிருந்து தொடங்கச் செய்யும். அது செயலற்று நின்றுவிடின், எண்ணிக்கை பூச்சியத்தை எட்டும். உடனே கடிகாரம் யந்திரத்தை மீண்டும் தொடங்கச் செய்யும். ஆளற்ற இடத்து யந்திரங்களுக்கு இஃது உயிர்காப்பாகும்.

ஆயினும் இதன்கண் ஒரு குறை உண்டு. யந்திரம் மீளத் தொடங்குங்கால், அது செயலற்ற நேரத்தில் நினைவகத்தில் இருந்த நிலை பெரும்பாலும் அழிந்துபோகும். நோயாளி பிழைத்தான், நோய் இன்னதென்று தெரியவில்லை. தெரியாத நோய் நாளையும் வரும். 1997 ஜூலை 4இல் செவ்வாய்க் கிரகத்தில் இறங்கிய பாத்ஃபைண்டர் விண்கலம் இதற்குச் சான்று. ஒரு வேலை உரிய காலத்தில் முடியாமையைக் கண்ட காவல் ஏற்பாடு, அதன் கம்ப்யூட்டரைப் பன்முறை மீளத் தொடங்கச் செய்தது. கலம் பிழைத்தது. காரணத்தை அறியவோ, பூமியிலிருந்த அதனையொத்த யந்திரத்தில் அக்குற்றத்தைத் திரும்ப நிகழச் செய்து, பதிவுகளை ஆராய வேண்டியதாயிற்று. தாழ்ந்த முதன்மையுள்ள ஒரு பணி, உயர்ந்த பணிக்கு வேண்டிய பூட்டைப் பற்றி நின்றதே காரணம் என்று தெரிந்தபின், திருத்தம் வானொலி வழியே அனுப்பப்பட்டது.

இக்குறையை நீக்க எழுந்ததே முன்னெச்சரிக்கை முறை. லினக்ஸில் இதற்குரிய பொது அமைப்பு 2016இல் வெளிவந்த 4.9ஆம் பதிப்பில் சேர்க்கப்பட்டது. கடிகாரத்தின் காலம் 60 விநாடி எனவும், முன்னெச்சரிக்கை 10 விநாடி எனவும் கொள்வோம். 50ஆம் விநாடியில் எச்சரிக்கை எழும். எஞ்சிய 10 விநாடியில் ஆபரேட்டிங் சிஸ்டம் ஒரு குறிப்பு மட்டும் எழுதலாம். அல்லது தன் ஓட்டத்தைத் தானே நிறுத்தி, நினைவகத்தின் படியைச் சேமிக்கும் பணியைத் தொடங்கலாம்.

இங்கு இரண்டு எச்சரிப்புகள் வேண்டும். முதலாவது, செய்தி செல்வது நோயுற்ற சிஸ்டத்துக்கே. பிராசஸர் சாதாரண அழைப்புகளுக்குச் செவியடைத்திருப்பின், எச்சரிக்கை கேளாது போகும். ஆதலின் சில யந்திரங்களில் தடுக்கவியலாத அழைப்பொன்றினால் அஃது அறிவிக்கப்படுகின்றது. இரண்டாவது, இடைவெளி மிகக் குறுகின் நினைவகப் படி முடியுமுன் யந்திரம் மீளத் தொடங்கிவிடும்; மிக நீளின், சிறு தாமதமும் நோயெனத் தோன்றும். எனவே முன்னெச்சரிக்கை வந்ததால் இறுதிக் காவலை நீக்கலாகாது. விளக்கும் ஒலியும் பயன்படாதபோது பிரேக்கன்றோ வண்டியைக் காக்கின்றது!

யந்திரம் அமைக்கப் புகும் மாணாக்கர், "இது நின்றுவிட்டால் எவ்வாறு மீளும்?" என்று வினவுவதோடு அமையாது, "நின்ற காரணத்தை எவ்வாறு அறிவோம்?" என்றும் வினவுவாராக. மீட்சி இன்றைய அபாயத்தைப் போக்கும்; காரணம் அறிதல் நாளைய அபாயத்தைத் தடுக்கும்.